நாயகனைப் பார்க்காதீர்கள்: சண்டைப் படத்தில் பிழை பிடிக்கும் முறை

சண்டைப் படத்தில் பிழை பிடிக்க ஆசைப்படுகிறவர் முதலில் செய்ய வேண்டியது, நாயகனைப் பார்ப்பதை நிறுத்துவது. நாம் அவரையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்றுதான் இருக்கிற வெளிச்சத்தையெல்லாம் அவர் முகத்தில் கொட்டியிருக்கிறார்கள். பிழை முகத்தில் இருக்காது. அவருடைய கைக்கடிகாரத்தில் இருக்கும், கார்க் கதவில் இருக்கும், பின்னால் தேநீர் குடித்துக்கொண்டிருக்கும் துணை நடிகரின் கோப்பையில் இருக்கும்.

நான் இலங்கையின் மலைநாட்டில், ஹட்டன் பக்கத்தில் உயர்தர வகுப்புகளுக்குப் பௌதிகவியல் படிப்பித்து ஓய்வு பெற்றவள். என் அண்ணன் மலைப்பாதைகளில் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஞாயிறு மாலைகளில் இருவரும் சேர்ந்து சண்டைப் படம் பார்ப்போம். எனக்கு ஆட்கள் பறப்பதும் விழுவதும் கண்ணில் படும். அவருக்குச் சில்லும் கியரும் மட்டும்தான். ஒருவர் கண்ணுக்குத் தெரிவது மற்றவர் கண்ணுக்குத் தெரியாது. ஆகவே முடிந்தால் வேறு தொழில் பார்த்த ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள். தாதியாக வேலை செய்த ஒருவர் பக்கத்தில் இருந்தால் மருத்துவமனைக் காட்சிகள் எல்லாம் வீணாகிப் போகும், அவ்வளவு பிழை கிடைக்கும்.

முதல் தடவை பார்க்கும்போது பேனாவைத் தொடாதீர்கள். கதை என்ன, யார் எந்தப் பக்கம் நிற்கிறார்கள், கதவு எங்கே, படிக்கட்டு எங்கே என்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். அறையின் அமைப்பு மனதில் பதியாதவருக்கு, சண்டையின் நடுவில் ஜன்னல் இடம் மாறியது தெரியாது. வீட்டில் சமாதானம் நிலவுவதற்கும் இது நல்லது. பிழை வேட்டை இரண்டாவது தடவையில்தான்.

பிழை எப்படிப் பிறக்கிறது

எங்கே தேடுவது என்று தெரிய வேண்டுமானால், படம் எடுக்கும் முறை கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். இரண்டு பேர் மேசையில் உட்கார்ந்து மிரட்டிக்கொள்ளும் காட்சி என்று வையுங்கள். முதலில் இருவரையும் சேர்த்துத் தூரத்திலிருந்து எடுப்பார்கள். பிறகு ஒருவருடைய முகத்தை மட்டும், ஆரம்பம் முதல் கடைசி வரை. பிறகு மற்றவருடைய முகத்தை. இதற்குள் பல மணி நேரம் போயிருக்கும், சில வேளை நாட்களே போயிருக்கும். கோப்பையில் தேநீர் ஊற்றப்பட்டு, குடிக்கப்பட்டு, மறுபடி ஊற்றப்பட்டிருக்கும். கதையில் அடுத்தடுத்து வரும் காட்சிகளையும் அதே வரிசையில் எடுப்பதில்லை. இடமும் நடிகரின் திகதியும் எப்படி அமைகிறதோ அப்படித்தான் எடுப்பார்கள். முதல் நாளில் இறுதிச் சண்டை, மூன்று வாரம் கழித்து முதல் சந்திப்பு என்பதெல்லாம் சாதாரணம்.

இதையெல்லாம் கவனித்துக் குறித்து வைக்க என்றே படப்பிடிப்பில் ஒருவர் இருப்பார். எந்தக் கையில் துப்பாக்கி, எத்தனை பொத்தான் திறந்திருக்கிறது என்று எழுதிப் படமும் எடுத்து வைப்பார். உடனடியாகப் படம் கக்கும் பொலரொய்ட் கமெராவை அந்தக் காலத்தில் இவர்கள்தான் தேய்த்துத் தீர்த்தார்கள். அத்தனைக்கும் பிறகு பிழை ஏன் வருகிறது? படத்தொகுப்பாளர் தெரிந்தே விடுகிறார் என்பதுதான் பெரும்பாலும் விடை. வோல்டர் மர்ச் என்ற புகழ்பெற்ற படத்தொகுப்பாளர், ஒரு வெட்டு, அதாவது ஒரு துண்டு முடிந்து அடுத்த துண்டு தொடங்கும் இடம், எங்கே விழ வேண்டும் என்பதற்கு ஆறு அளவுகோல்களைச் சொல்லி மதிப்பெண்ணும் கொடுத்திருக்கிறார். உணர்ச்சிக்கு நூற்றுக்கு 51. கதைக்கு 23. ஆட்களும் பொருட்களும் அறைக்குள் சரியான இடத்தில் இருப்பதற்கு வெறும் 4. நடிகரின் கண்ணில் உண்மையாகவே நீர் தளும்பிய துண்டில் கோப்பை தவறான கையில் இருந்தால், அவர் கண்ணீரைத்தான் எடுப்பார். நானும் அதைத்தான் எடுப்பேன். எனவே ஒரு கோப்பையைக் கண்டுபிடித்துவிட்டு, படம் எடுத்தவர் முட்டாள் என்று குதிக்க வேண்டாம். உங்களுக்கு முன்பே அவர் அதைப் பலமுறை பார்த்திருப்பார்.

பார்வையாளருக்குத் தெரியாது என்ற துணிச்சலும் அவருக்கு உண்டு. அந்தத் துணிச்சல் நியாயமானது. டேனியல் சைமன்ஸ், டேனியல் லெவின் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1997இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். இரண்டு பெண்கள் சாப்பாட்டு மேசையில் பேசும் ஒரு சிறிய படத்தை எடுத்து, ஒவ்வொரு வெட்டிலும் வேண்டுமென்றே எதையாவது மாற்றினார்கள். கழுத்துத் துணி மறையும். சிவப்புத் தட்டு வெள்ளையாகும். பார்த்தவர்களில் ஏறக்குறைய எல்லோரும் ஒன்றையுமே கவனிக்கவில்லை.

ஆகவே "எங்காவது பிழை இருக்கிறதா" என்று பொதுவாகப் பார்த்தால் ஒன்றும் அகப்படாது. ஒரு காட்சிக்கு ஒரு பொருள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்தத் தடவை கோப்பை. அடுத்த தடவை காயம். தேயிலைக் கொழுந்து பறிக்கிறவர் செடி முழுவதையும் பார்ப்பதில்லை, இரண்டு இலையும் ஒரு மொட்டும் எங்கே என்று மட்டும் பார்க்கிறார். கை வேகமாக ஓடுவது அதனால்தான்.

சண்டைப் படங்களுக்கென்று நம்பகமான பொருட்கள் சில இருக்கின்றன. காயம் எந்தப் புருவத்துக்கு மேல்? இரத்தம் தாடை வரை வழிந்ததா, கழுத்து வரையா? கிழிந்தது எந்தத் தோள்? மழையில் நனைந்த சட்டை அடுத்த வெட்டில் எப்படிக் காய்ந்தது? வெட்டு விழும் கணத்தில் நிறுத்தி, முன்னும் பின்னும் ஒரு செக்கன் ஓட்டிப் பாருங்கள். சுவரையும் பாருங்கள். 'பல்ப் ஃபிக்‌ஷன்' (1994) படத்தில் ஒளிந்திருந்தவன் வந்து சுடுவதற்கு முன்பே சுவரில் துளைகள் இருக்கின்றன.

துணை நடிகர்கள் தனிச் சுரங்கம். ஒரே காட்சியை அவர்கள் பலமுறை நடித்துவிட்டதால் அடுத்து என்ன நடக்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். 'நார்த் பை நார்த்வெஸ்ட்' (1959) படத்தின் சிற்றுண்டிச்சாலைக் காட்சியில் பின்னால் இருக்கும் ஒரு சிறுவன், துப்பாக்கி வெடிப்பதற்கு முன்பே இரண்டு காதுகளையும் விரலால் அடைத்துக்கொள்கிறான். முதல் ஒத்திகையில் அவன் காது எப்படி வலித்ததோ! எனக்கு மிகவும் பிடித்த பிழை அதுதான். 'கிளாடியேட்டர்' (2000) படத்தில் ரோமாபுரித் தேர் கவிழும்போது அதன் பின்பக்கம் ஒரு வாயுச் சிலிண்டர் தெரியும்.

வாகனங்கள்: அண்ணனின் பிரிவு

துரத்தல் காட்சி ஒரே தெருவைப் பல கோணங்களில் எடுத்து, நீளமான பயணம்போல ஒட்டுவது. ஆகவே நாயகனின் காரை விட்டுவிட்டு ஓரமாகப் போகும் வாகனங்களைப் பாருங்கள். 'புல்லிட்' (1968) படத்தின் புகழ்பெற்ற துரத்தலில் ஒரு பச்சை வொக்ஸ்வாகன் பீட்டிலைத் திரும்பத் திரும்ப முந்துகிறார்கள். அதே துரத்தலில் வில்லன்களின் கார் இழக்கும் வீல் கப்களை எண்ணினால் நான்கைத் தாண்டிவிடும்.

அண்ணனுக்கு 'கமாண்டோ' (1985) என்றால் உயிர். மஞ்சள் பொர்ஷ் கார் ஒன்று இடதுபக்கம் முழுவதும் சப்பளிந்து கிடக்கும். நாயகன் அதை நிமிர்த்தி, ஏறி ஓட்டிக்கொண்டு போகும்போது ஒரு கீறல்கூட இருக்காது. "எந்த கராஜ் தங்கச்சி இது? விலாசம் கிடைக்குமா?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்பார். 'டைமண்ட்ஸ் ஆர் ஃபாரெவர்' (1971) இன்னும் வேடிக்கை. ஒடுக்கமான சந்துக்குள் மஸ்டாங் கார் வலதுபக்கச் சில்லுகளில் சாய்ந்து நுழைகிறது. இடதுபக்கச் சில்லுகளில் சாய்ந்து வெளியே வருகிறது. பிழையை மறைக்க, சந்துக்குள் கார் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் சாய்வதாக ஒரு துண்டை நடுவில் செருகியிருக்கிறார்கள். அந்தச் சந்தில் அதற்கு இடமே கிடையாது. ஒட்டுப் போட்டதால்தான் கிழிசல் ஊருக்குத் தெரிந்தது.

காதாலும் பிழை பிடிக்கலாம் என்பதை அண்ணனிடம்தான் கற்றேன். கண்ணை மூடிக்கொண்டு எஞ்சின் சத்தத்தை மட்டும் கேளுங்கள். கியர் மேலே மேலே ஏறிக்கொண்டே போகும். ஐந்து கியர் உள்ள வண்டியில் எட்டுத் தடவை, ஒன்பது தடவை ஏறும், ஒரு தடவைகூட இறங்காது. மண் பாதையிலும் புல்லிலும் டயர் கிறீச்சிடும். கிறீச்சிட அதற்குத் தார் வேண்டும். நேரான வீதியில் ஓட்டுகிறவர் ஸ்டியரிங்கை இடமும் வலமும் ஆட்டிக்கொண்டே இருப்பார். பின்புறம் பார்க்கும் கண்ணாடியைக் காணோம், ஏனென்றால் கமெராவுக்கு அது இடைஞ்சல்.

அவருக்கு உண்மையான கோபம் வருவது பிரேக் காட்சிகளில். வில்லன் பிரேக் குழாயை வெட்டிவிடுகிறான், நாயகன் இறக்கத்தில் பெடலை மிதித்து மிதித்துப் பார்க்கிறான், முகத்தில் வியர்வை. கியரைக் குறைக்க அவனுக்குத் தோன்றவே தோன்றாது. கைபிரேக் என்று ஒன்று இருப்பதும் தெரியாது. ஹட்டனிலிருந்து கினிகத்தேனைக்கு இறங்கிப் பழகிய எந்தச் சாரதிக்கும் கை முதலில் கியருக்குத்தான் போகும். பிரேக் நன்றாக இருக்கும்போதே அந்த இறக்கத்தைச் சின்னக் கியரில்தான் இறங்குவார்கள், மிதித்துக்கொண்டே வந்தால் சூடேறிப் பிடிக்காமல் போகும் என்பதால். பிரேக் அறுந்த காட்சியில் கியர்த் தடியை ஒரு தடவையாவது காட்டுகிறார்களா என்று பாருங்கள். காட்டினால் அந்த இயக்குநருக்கு மலைப்பாதை தெரியும்.

பள்ளத்தில் விழும் கார் பாதி வழியிலேயே நெருப்புக் கோளமாக வெடிப்பதைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை. பள்ளத்தில் விழுந்த வாகனங்களை இந்தப் பக்கத்தில் எல்லோரும் பார்த்திருக்கிறோம். நசுங்கிக் கிடக்கும். எரிந்து கிடப்பது அபூர்வம்.

கணக்கு: என் பிரிவு

தகவல் பிழைகளை, அதாவது உண்மை உலகத்தோடு பொருந்தாதவற்றைப் பிடிக்கச் சாதாரணதர வகுப்புக் கணக்கே போதும். ஒரு தாளும் கைத்தொலைபேசியில் நேரம் அளக்கும் வசதியும் இருந்தால் சரி.

சுடப்பட்டவன் பின்னால் பறந்து போய்க் கண்ணாடியை உடைத்துக்கொண்டு விழுகிறான். சாதாரண 9 மில்லிமீற்றர் கைத்துப்பாக்கி ரவை ஏறக்குறைய 8 கிராம், கதி செக்கனுக்கு 360 மீற்றர் அளவில். கிராமைக் கிலோவாக்கிக் கதியால் பெருக்கினால் உந்தம் 2.9 வரும். 72 கிலோ ஆளில் அது முழுவதும் தங்கினாலும் அவன் பெறும் கதி செக்கனுக்கு 4 சென்ரிமீற்றர். கோயில் பிரகாரத்தில் பாட்டி நடப்பது இதைவிட எத்தனையோ மடங்கு வேகம். உந்தக் காப்பு இன்னொன்றையும் சொல்கிறது: ரவை ஒருவனைத் தூக்கி எறியுமானால், சுட்டவனையும் அதே அளவு பின்னால் எறிந்திருக்க வேண்டும். மாணவர்களிடம் ஒரு சண்டைக் காட்சியைக் காட்டி இதைக் கேட்டால், அன்றைக்குப் பிறகு நியூட்டனின் மூன்றாம் விதியை அவர்கள் மறப்பதில்லை.

மாடியிலிருந்து விழும் நாயகியை நடுவழியில் ஒரு கையால் பிடிக்கும் காட்சி. 20 மீற்றர் விழுந்தால் எடுக்கும் நேரம் 2 செக்கன், அப்போது கதி செக்கனுக்கு 20 மீற்றர், அதாவது மணிக்கு 72 கிலோமீற்றர். அதை அரை மீற்றருக்குள் நிறுத்த வேண்டுமானால் அவளுடைய நிறையைப் போல நாற்பது மடங்கு விசை வேண்டும். நாயகனின் தோள் அவளோடு சேர்ந்து கீழே போயிருக்கும்.

'ஸ்பீட்' (1994) படத்து பஸ் பாய்ச்சலில் அண்ணனும் நானும் ஒன்று சேர்கிறோம். கட்டி முடிக்காத மேம்பாலத்தில் 50 அடி இடைவெளி, அதாவது ஏறக்குறைய 15 மீற்றர். பஸ் மணிக்கு 70 மைல் அளவில் வருகிறது என்று வையுங்கள், செக்கனுக்கு 31 மீற்றர். இடைவெளியைக் கடக்க அரைச் செக்கன் ஆகும். அந்த அரைச் செக்கனில் புவியீர்ப்பு ஆர்முடுகல் அதை ஒரு மீற்றருக்கு மேல் கீழே இழுத்துவிடும். பாதை மட்டமானால் முன் சில்லு எதிர்ப்பக்க விளிம்பில் மோத வேண்டும். படத்தில் பஸ்ஸோ மூக்கை மேலே தூக்கிக்கொண்டு எழும்புகிறது! உண்மையில் சாய்வு மேடை வைத்துத்தான் பாய வைத்தார்கள். பாலத்தில் இடைவெளியும் கிடையாது, பிறகு கணினியில் பாதையை அழித்திருக்கிறார்கள். நிறுத்திப் பார்த்தால் மூக்கு நிமிர்வதுதான் சாட்சி. அண்ணன் கேட்பது இன்னொன்று: அந்த இறக்கத்துக்குப் பிறகு ஸ்பிரிங் தகடு எப்படி உடையாமல் இருந்தது?

வெடிப்பை நேரத்தால் பிடியுங்கள். காற்றில் ஒலி செக்கனுக்கு 340 மீற்றர் அளவில்தான் போகும். ஒரு கிலோமீற்றருக்கு மூன்று செக்கன் ஆகும். எதிர்மலையில் கல்லுக்கு வெடி வைத்தால் எங்களுக்கு முதலில் புழுதி எழும்புவது தெரியும், பிறகுதான் சத்தம் வரும். படத்தில் தூரத்துக் குன்றில் வெடித்தாலும் ஒளியும் ஒலியும் ஒன்றாகவே வரும். நிறத்தையும் பாருங்கள். கைக்குண்டு வெடித்தால் பெரும்பாலும் புழுதியும் புகையும்தான். திரையில் எழும் செம்மஞ்சள் கோளம் பெற்றோலுடையது.

துப்பாக்கியில் ரவை எண்ணுவது எல்லோரும் செய்வது. ஆனால் சத்தத்தை எண்ணாமல் நேரத்தை அளப்பது சுலபம். ஏகே-47 நிமிடத்துக்கு 600 என்ற கணக்கில் சுடும், பெட்டியில் 30 ரவை இருக்கும். விரலை எடுக்காமல் சுட்டால் மூன்று செக்கனில் பெட்டி காலி. பதினைந்து செக்கன் தொடர்ந்து சுடுகிறவரைக் கண்டால் குறித்துக்கொள்ளுங்கள். ஒலி குறைக்கும் குழாயைச் சுழல் துப்பாக்கியில் மாட்டியிருந்தால் அதுவும் பிழை: சுழலும் பகுதிக்கும் குழலுக்கும் நடுவில் உள்ள இடைவெளி வழியே வாயு வெளியேறிவிடும். ரஷ்ய நாகன் போன்ற மிகச் சில வகைகளில்தான் அந்த இடைவெளி அடைபடும்.

நாயகர்கள் தன்னம்பிக்கையோடு விளக்கம் சொல்லும்போது கூடுதல் கவனம் வேண்டும். 'டை ஹார்ட் 2' (1990) படத்தில், விமான நிலைய எக்ஸ்ரேயில் தெரியாத, பீங்கானால் செய்த 'குளொக் 7' என்ற ஜெர்மன் துப்பாக்கி பற்றி நாயகன் ஒரே மூச்சில் சொல்கிறார். அப்படி ஒரு வகை கிடையாது. குளொக் நிறுவனம் ஒஸ்திரியாவைச் சேர்ந்தது. அதன் சட்டகம் பிளாஸ்டிக், குழல் உருக்கு. எக்ஸ்ரேயில் நன்றாகவே தெரியும். ஒரே வசனத்தில் இத்தனை. அதே படத்தில் வொஷிங்டன் விமான நிலையத்துப் பொதுத் தொலைபேசியில் கலிபோர்னியாவின் பசிபிக் பெல் நிறுவனத்தின் பெயர் இருக்கிறது; எங்கே எடுத்தார்கள் என்பது அதிலேயே தெரிந்துவிட்டது.

மருத்துவமனையில் இதயத் துடிப்புக் கோடு நேராகப் படுத்த பிறகு மின்னதிர்ச்சி கொடுப்பதும் பிழை. தாறுமாறாகத் துடிக்கும் இதயத்துக்குத்தான் அது; நின்றுபோனதற்கு நெஞ்சை அழுத்த வேண்டும்.

இடமும் காலமும்: நம் பிரிவு

இங்கேதான் மலைநாட்டுக்காரர்களுக்கு வெளியாருக்கு இல்லாத அனுகூலம் இருக்கிறது. தேயிலைத் தோட்டத்தில் துரத்தல் என்றால் செடியைப் பாருங்கள். ஒரு வெட்டில் இடுப்பளவு பச்சை, அடுத்த வெட்டில் கவ்வாத்து வெட்டிய மொட்டை மலை, மறுபடியும் பச்சை என்றால், மூன்று இடத்தில் எடுத்து ஒட்டியிருக்கிறார்கள். செடிகளுக்கு நடுவே நாயகன் நேராக ஓடுவதே கற்பனை. கிளைகள் பின்னிக்கொண்டிருக்கும், நடுவில் தண்ணீர் வடியக் கான் வெட்டியிருக்கும், காலை உள்ளே விட்டால் தெரியும். ஓடி முடித்த பிறகு அவர் காலில் ஓர் அட்டைகூட இருக்காது. பின்னால் கொழுந்து பறிக்கிறவர்கள் முற்றிய இலையைக் கைநிறைய உருவிப் போடுவார்கள். எந்தக் கங்காணி அதைக் கண்டு சும்மா இருப்பார்?

மூடுபனி எங்கள் ஊரில் சில நிமிடங்களில் வந்து போகும். அதனால் இங்கே எடுத்த படங்களில் பேசுகிறவர் பின்னால் மலை தெரியும், கேட்கிறவர் பின்னால் தெரியாது. இதைப் பிழை என்று நான் எழுதுவதில்லை, நுவரெலியாவில் அது நடக்கக்கூடியதே. நிழலைத்தான் பார்க்க வேண்டும். ஒருவர் நிழல் நீளமாகக் கிழக்கே விழ, எதிரே நிற்பவர் நிழல் காலடியில் சுருண்டிருந்தால், ஒருவர் மாலையில் நிற்கிறார், மற்றவர் நண்பகலில் நிற்கிறார்.

பழங்காலக் கதைகளுக்குச் சில ஆண்டுகளை மனதில் வைத்திருங்கள். இங்கே வணிகத் தேயிலை 1867இல்தான் தொடங்கியது, அதற்கு முன் கோப்பி. ரயில் நானுஓயாவுக்கு 1885இல் வந்தது, பதுளைக்கு 1924இல். தெமோதரைப் பக்கத்து ஒன்பது வளைவுப் பாலம் 1921. நாட்டின் பெயர் இலங்கைக் குடியரசாகி ஆங்கிலத்திலும் 'ஸ்ரீ லங்கா' ஆனது 1972இல். அதற்கு முந்திய கதையில் சுவரிலுள்ள ஆங்கில வரைபடம் 'சிலோன்' என்று சொல்ல வேண்டும். 'ரெய்டர்ஸ் ஒஃப் த லொஸ்ட் ஆர்க்' (1981) இப்படித்தான் மாட்டியது: கதை நடப்பது 1936இல், விமானம் பறக்கும் வரைபடத்தில் 'தாய்லாந்து' இருக்கிறது. அந்தப் பெயர் 1939இல் வந்தது, அதுவரை சயாம். இந்தியா என்று சொல்லி இலங்கையில் எடுத்த படமானால் வாகன இலக்கத் தகட்டைப் பாருங்கள். நம்முடையது முன்னால் வெள்ளை, பின்னால் மஞ்சள்.

அதே தொடரின் அடுத்த படம், 'இண்டியானா ஜோன்ஸ் அண்ட் த டெம்பிள் ஒஃப் டூம்' (1984), கண்டியைச் சுற்றி எடுக்கப்பட்டது. கதை 1935இன் வட இந்தியா. இந்திய அரசு திரைக்கதையை ஏற்காததால் இங்கே வந்தார்கள். விளைவு, அந்த வட இந்தியக் கிராமத்து மக்கள் சிங்களம் பேசுகிறார்கள். அமெரிக்காவில் யாருக்கும் தெரியாது. கண்டியில் பஸ் ஏறிய எவருக்கும் முதல் நிமிடத்திலேயே தெரியும். தொங்கு பாலத்தை, அப்போது கட்டப்பட்டுக்கொண்டிருந்த விக்டோரியா அணைக்குப் பக்கத்தில் அமைத்தார்கள். பாலம் அறுந்து விழுபவர்கள் பொம்மைகள். நிறுத்தி நிறுத்திப் பாருங்கள், கைகள் இயந்திரம்போல ஆடும். இவையெல்லாம் பரவாயில்லை. அரண்மனை விருந்தில் குரங்கு மூளையும் கண்விழிச் சூப்பும் பரிமாறுவதுதான் எனக்குப் பெரிய பிழை. கோப்பை கை மாறினால் யாருக்கும் நட்டம் இல்லை. இந்த விருந்தைப் பார்த்துவிட்டு வந்தவர்களிடம், இந்தியர்கள் அப்படிச் சாப்பிடுவதில்லை என்று எத்தனை பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் விளக்கியிருப்பார்கள்?

'த பிரிட்ஜ் ஒன் த ரிவர் குவாய்' (1957) இன்னும் பக்கம்: ஹட்டனிலிருந்து கொழும்புக்குப் போகும் வழியில் கித்துல்கலயில், களனி ஆற்றின் மேல் மரப்பாலம் கட்டி, ரயிலோடு தகர்த்தார்கள். தாய்லாந்தில் இருந்த உண்மையான பாலங்கள் இரண்டு, ஒன்று மரம், ஒன்று உருக்கு. அவற்றைப் படத்தில் வருவதுபோல அதிரடிப் படையினர் யாரும் வெடி வைத்துத் தகர்க்கவில்லை. 1945இல் நேச நாட்டு விமானங்கள் குண்டு வீசின. பாலம் நின்ற ஆறும் குவாய் அல்ல, மே குளோங். படத்தைப் பார்த்து வந்த பயணிகள் குவாயைத் தேடியதால், 1960 வாக்கில் தாய்லாந்து ஆற்றின் அந்தப் பகுதிக்கே குவே யாய் என்று பெயரை மாற்றிவிட்டது. தகவல் பிழை ஒன்று வரைபடத்தைத் திருத்திய கதை இது; இதைவிடப் பெரியதை நான் கண்டதில்லை.

ஆனால் அந்தப் படத்தில் நான் குறிப்பேட்டில் முதலாவதாக எழுதி வைத்திருப்பது வேறு. அந்தப் பாலங்கள் இருந்த, இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் போர்க் கைதிகளையும் கூலிகளையும் கொண்டு போட்ட சயாம் மரண ரயில் பாதையில் இறந்த போர்க் கைதிகள் 12,000க்கு மேல். இறந்த ஆசியக் கூலிகள் 90,000 வரை என்று மதிப்பிடுகிறார்கள். அவர்களில் ஏராளமானோர் மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள், எங்களைப் போலவே தோட்டத்துச் சனங்கள். படத்தில் அவர்கள் எங்கே? திரையில் தவறாக இருப்பதைத் தேடிப் பழகிய பிறகு, திரையில் இல்லாதவர்களையும் தேடுங்கள். அதற்கு நிறுத்து பொத்தான் உதவாது, வாசிப்புத்தான் உதவும்.

அறிவிப்பதற்கு முன்

கண்டதெல்லாம் பிழை ஆகாது. முதலில் உங்களிடம் இருக்கும் பிரதி எப்படிப்பட்டது என்று பாருங்கள். இணையத்தில் திருட்டுத்தனமாக ஏற்றுகிறவர்கள் கண்டுபிடிக்கப்படாமல் இருக்கப் படத்தை இடம் வலமாகத் திருப்பிவிடுவார்கள். எல்லோரும் இடதுகையால் சுட்டால், ஸ்டியரிங் பக்கம் மாறியிருந்தால், எழுத்துக்கள் கண்ணாடியில் பார்ப்பதுபோல இடம் வலமாகத் தெரிந்தால், குற்றம் ஏற்றியவருடையது. ஆனால் படம் முழுவதும் சரியாக இருந்து ஒரே ஒரு துண்டில் மட்டும் தலைமுடி வகிடு பக்கம் மாறினால், அது படத்தொகுப்பில் திருப்பியது. அதைத் தாராளமாக எழுதலாம். பழைய படங்களில் மேலே ஒலிவாங்கி தொங்குவதும் அப்படித்தான். திரையரங்கில் மேலும் கீழும் மறைத்துக் காட்ட வேண்டிய படத்தைத் தொலைக்காட்சிக்காக முழுமையாகத் திறந்துவிட்டால் அது தெரியும். எடுத்தவர் மேல் பழி போட முடியாது.

பாணி வேறு, பிழை வேறு. தரையிலிருந்து எழும்பி ஆறு பேரை உதைத்துவிட்டு இறங்கும் நாயகன், தன் உலகத்தில் அப்படித்தான் நடக்கும் என்று முதல் காட்சியிலேயே அறிவித்துவிடுகிறார். அவரிடம் நான் கணக்குக் கேட்பதில்லை. "இது உண்மைச் சம்பவம்" என்று எழுத்துப் போட்டுத் தொடங்குகிறவரிடம் கடைசிச் சதம் வரை கேட்பேன்.

குறிப்பேட்டில் நான்கு விடயங்கள் போதும்: எத்தனையாவது நிமிடம், என்ன தெரிந்தது, என்ன தெரிந்திருக்க வேண்டும், அது தொடர்ச்சிப் பிழையா (ஒரு துண்டும் அடுத்ததும் பொருந்தாதது) தகவல் பிழையா. தகவல் பிழையானால் எங்கே சரிபார்த்தீர்கள் என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள். "எனக்குத் தெரியும்" என்பது என் வீட்டில் செல்லாது, அண்ணனுக்கும் செல்லாது. தொடங்குகிறவர்கள் முழுப் படத்தில் கை வைக்க வேண்டாம். ஒரு துரத்தல் காட்சியை எடுங்கள், ஒரு தடவை சத்தமில்லாமல் பாருங்கள், ஒரு தடவை படத்தைப் பார்க்காமல் சத்தத்தை மட்டும் கேளுங்கள். பக்கத்தில் முதல் தடவை பார்க்கிறவர் யாராவது இருந்தால், படம் முடியும் வரை வாயைத் திறக்காதீர்கள்.